சிறைக்குள் இருப்பவர் எந்த வார்டுக்காரர்? அமெரிக்க உள்ளாட்சி எல்லைகளில் கைதிகளின் தலைக்கணக்கு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அனமோசா என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2005-இல் நடந்த நகரமன்றத் தேர்தலில் அந்த ஊரின் இரண்டாம் வார்டுக்கு யாரும் போட்டியிடவில்லை. வாக்குச்சீட்டில் விரும்பிய பெயரைக் கையால் எழுதிப் போட அங்கே வழி உண்டு. ஒருவருடைய மனைவியும் பக்கத்து வீட்டுக்காரரும் அவருடைய பெயரை எழுதிப் போட்டார்கள். கிடைத்தது இரண்டு வாக்கு. அதிலேயே அவர் கவுன்சிலர் ஆகிவிட்டார்.

ஊரின் நான்கு வார்டுகளும் ஏட்டளவில் ஏறத்தாழ ஒரே அளவு மக்கள்தொகை கொண்டவை. இரண்டாம் வார்டில் சுமார் 1,400 பேர். அவர்களில் 1,300-க்கும் மேற்பட்டோர் அனமோசா மாநிலச் சிறையின் மதிலுக்கு உள்ளே இருந்தவர்கள். அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. மதிலுக்கு வெளியே அந்த வார்டில் வாழ்ந்தவர்கள் 60 பேருக்கும் குறைவு. மற்ற வார்டுகளில் 1,400 பேருக்கு ஒரு கவுன்சிலர் என்றால், இங்கே ஒரு தெருவுக்கு ஒரு கவுன்சிலர்.

இதில் கள்ள வாக்கு இல்லை, மோசடி இல்லை. விதிகள் வரிக்கு வரி பின்பற்றப்பட்டன. விதிகளைப் பின்பற்றியே இப்படியொரு முடிவு எப்படி வந்தது என்பதுதான் விளக்க வேண்டிய செய்தி.

எண்ணுவது ஒரு வேலை, எல்லை போடுவது இன்னொரு வேலை

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. பூஜ்யத்தில் முடியும் ஆண்டின் ஏப்ரல் 1 அதற்கான நாள். அன்று ஒருவரை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோலின் பெயர் ‘வழக்கமான வசிப்பிடம்’. பெரும்பாலான நாட்கள் ஒருவர் எங்கே தங்கி உறங்குகிறாரோ அதுவே அவருடைய இடம். 1790-ஆம் ஆண்டின் முதல் கணக்கெடுப்புச் சட்டத்திலிருந்து இந்தக் கொள்கை தொடர்கிறது. கைதி உறங்குவது சிறையில். ஆகவே அவர் சிறை அமைந்துள்ள ஊரின் கணக்கில் ஏறுகிறார்.

கணக்கெடுப்பு முடிந்ததும் அந்த எண்களை வைத்து எல்லைகளைத் திருத்தி வரைகிறார்கள். இதைத்தான் தொகுதி மறுவரையறை என்கிறோம். நாடாளுமன்றத் தொகுதி, மாநில சட்டமன்றத் தொகுதி, கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகத்தின் வார்டு, நகரமன்ற வார்டு, பள்ளிக் குழு வார்டு எனப் பல அடுக்குகளில் இது நடக்கும். மாநிலங்களுக்கு இதற்கென்றே பிளாக் வாரியாகத் தரவுகளைத் தர வேண்டும் என்று 1975-இல் ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. பிளாக் என்பது கணக்கெடுப்பின் மிகச் சிறிய நிலத் துண்டு. நகரத்தில் நான்கு தெருக்களுக்கு நடுவே அடங்கிவிடும் அளவு.

எல்லைகள் ஏன் சம அளவில் இருக்க வேண்டும்? 1964-இல் ‘ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநில சட்டமன்றத் தொகுதிகள் மக்கள்தொகையில் சமமாக இருக்க வேண்டும் என்றது. ஒருவருக்கு ஒரு வாக்கு, எல்லா வாக்குக்கும் ஒரே எடை என்பது அதன் சாரம். 1968-இல் டெக்சஸின் மிட்லண்ட் கவுண்டி வழக்கில் அதே விதி உள்ளாட்சிகளுக்கும் நீண்டது. பெரிய தொகுதிக்கும் சிறிய தொகுதிக்கும் இடைவெளி 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாக நீதிமன்றம் தலையிடுவதில்லை. 10 சதவீதம் என்ற இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எல்லையைத் தமக்குச் சாதகமாக வளைத்துப் போடுவதை அமெரிக்கர்கள் ஜெரிமாண்டரிங் என்பார்கள். 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரி ஒப்புதல் அளித்த வரைபடத்தில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற உயிரினத்தின் வடிவில் நெளிந்து கிடந்தது. ஆளுநர் பெயரையும் பிராணியின் பெயரையும் ஒட்டிப் பிறந்த கேலிச் சொல் அது. கைதிகளின் எண்ணிக்கையால் நேரும் கோணலையும் அதே சொல்லைச் சேர்த்தே அங்கே குறிப்பிடுகிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் முழு உடன்பாடு இல்லை. ஜெரிமாண்டரிங்கில் வளைத்தவர் ஒருவர் இருப்பார். இங்கே பல ஊர்களில் யாரும் எதையும் வளைக்கவில்லை. வந்த எண்ணை அப்படியே ஏற்று நேர்க்கோடுதான் போட்டார்கள்.

வெளியூரில் இருப்பவர் எல்லாரும் ஒன்றல்ல

‘உறங்கும் இடம்’ என்ற அளவுகோல் எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்துகிறதா என்றால், இல்லை. 2020 கணக்கெடுப்புக்கான வசிப்பிட விதிகள் 2018 பிப்ரவரியில் வெளியாயின. அதில் உள்ள சில பிரிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

1. கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பவர் கல்லூரி ஊரில் எண்ணப்படுவார்.

2. உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் சிறுவன் ஆண்டில் பெரும் பகுதியைப் பள்ளியில் கழித்தாலும் பெற்றோர் வீட்டில் எண்ணப்படுவான்.

3. வெளிநாட்டுப் பணிக்குத் தற்காலிகமாக அனுப்பப்பட்ட ராணுவ வீரர் அமெரிக்காவில் அவருடைய வழக்கமான வீட்டு முகவரியில் எண்ணப்படுவார். 2020-க்கு என்று செய்யப்பட்ட மாற்றம் இது.

4. மாநிலச் சிறையோ, மத்திய அரசின் சிறையோ, உள்ளூர் ஜெயிலோ, அங்கே இருப்பவர் அங்கேயே எண்ணப்படுவார்.

இரண்டாவதும் மூன்றாவதும் உறங்கும் இடத்தை மீறிய விதிவிலக்குகள். ‘திரும்பி வரப் போகிறவர்’ என்பது அவற்றின் உள்ளே இருக்கும் நியாயம். கைதியும் திரும்பப் போகிறவர்தான். 2018-இல் மாநிலச் சிறைகளிலிருந்து வெளியே வந்தவர்களை எடுத்துக்கொண்டால், அவர்களில் பாதிப் பேர் சிறையில் கழித்த காலம் ஒன்றேகால் ஆண்டைச் சற்றே தாண்டும் அளவுதான். ஆனால் ஏப்ரல் 1 அன்று அவர்களை எண்ணிய கணக்கு பத்தாண்டுக்கு நிற்கும். உள்ளூர் ஜெயிலில் நிலைமை இன்னும் விசித்திரமானது. அங்கே இருப்போரில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். சில நாளிலோ வாரத்திலோ வெளியே போய்விடுவார்கள்.

இந்த விதிகளை இறுதி செய்யும் முன் கணக்கெடுப்புத் துறை பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. கைதிகள் குறித்து வந்த கருத்துகள் 77,887. அவற்றில் 77,863 கைதிகளைச் சொந்த முகவரியில் எண்ணச் சொன்னவை. துறை மாறவில்லை. வழக்கமான வசிப்பிடம் என்ற கொள்கைக்குச் சிறைதான் பொருந்துகிறது என்றது.

ஒரு வார்டுக் கணக்கு

ஒரு கவுண்டியைக் கற்பனை செய்துகொள்வோம்.

1. கணக்கெடுப்பின்படி மொத்தம் 10,000 பேர். அதில் 1,200 பேர் ஒரே சிறையில் உள்ள கைதிகள்.

2. கவுண்டிக்கு ஐந்து வார்டு. ஆகவே வார்டுக்கு 2,000 பேர் என்று கோடு போடுகிறார்கள்.

3. சிறை ஏதாவது ஒரு வார்டில்தான் இருந்தாக வேண்டும். அந்த வார்டில் 1,200 கைதிகள் போக ஊர்க்காரர்கள் 800 பேர். மற்ற நான்கிலும் தலா 2,000 ஊர்க்காரர்கள்.

4. சிறை வார்டில் வசிக்கும் ஒருவரின் வாக்கு மற்ற வார்டுக்காரர் ஒருவரின் வாக்கைப்போல் இரண்டரை மடங்கு எடை பெறுகிறது.

5. கைதிகளைக் கழித்துவிட்டுக் கோடு போட்டிருந்தால் 8,800 பேரை ஐந்தாகப் பிரித்து வார்டுக்கு 1,760 பேர் வந்திருப்பார்கள்.

இடைவெளி 10 சதவீதத்தைத் தாண்டிவிடக் கூடாதே என்று இந்தத் தெருவை அந்த வார்டிலும் அந்தச் சந்தை இந்த வார்டிலும் மாற்றி மாற்றிப் பார்த்து, வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்து, வரைபடத்தை நிறைவேற்றுவார்கள். அந்த வரைபடத்துக்குள்ளேயே 60 சதவீதக் குறை ஒன்று ஓசையில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

நிஜத்தில் இதைவிட மோசமான கவுண்டிகள் உண்டு. டென்னசி மாநிலத்தின் லேக் கவுண்டியில் 2000 கணக்கெடுப்புக்குப் பின் வரைந்த ஒரு வார்டின் மக்கள்தொகையில் 88 சதவீதம் சிறைதான். அந்த வார்டில் மதிலுக்கு வெளியே வாழ்ந்த ஒருவர் மற்ற வார்டுகளில் வாழ்ந்த எட்டுப் பேருக்குச் சமமாக இருந்தார். ரோட் ஐலண்டின் கிரான்ஸ்டன் பெரிய நகரம். அங்கே மாநிலத்தின் சிறை வளாகம் முழுவதும் ஆறாம் வார்டில் வந்தது. 2010 கணக்கில் 3,433 கைதிகள். வார்டில் ஏறத்தாழ கால் பங்கு. ஆறாம் வார்டின் மூன்று பேருக்கு மற்ற வார்டுகளின் நான்கு பேர் ஈடு.

எல்லை சிறுத்தால் கோணல் பெருக்கும்

இந்தப் பிரச்சினை பற்றிய செய்திகளில் மாநில சட்டமன்றமும் வாஷிங்டனும்தான் அதிகம் பேசப்படுகின்றன. எண்களைப் பார்த்தால் கவனம் வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. மேலே சொன்ன அதே 1,200 கைதிகளை ஏறத்தாழ ஏழரை லட்சம் பேர் கொண்ட நாடாளுமன்றத் தொகுதியில் வைத்தால் அரை சதவீதம்கூட வராது. நியூயார்க் மாநில சட்டமன்றத்தின் மேலவையான செனட்டில் தொகுதி ஒன்றுக்குச் சுமார் 3 லட்சம் பேர். அங்கேயும் அரை சதவீதத்துக்குள். 2,000 பேர் கொண்ட வார்டில் அதுவே 60 சதவீதம்.

இந்தியாவில் இந்த விவாதம் எழாததற்கும் இந்த அளவு வேறுபாடு ஒரு காரணமாக இருக்கலாம். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 62-ஆம் பிரிவின்படி சிறையில் இருப்பவர் இங்கும் வாக்களிக்க முடியாது. ஆனால் 2011 கணக்குப்படி ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சராசரி 22 லட்சம் பேர். அந்தக் கடலில் ஒரு சிறை தெரியாது.

மாநில அளவில் கோணல் தெரிய வேண்டுமானால் பல சிறைகள் ஒரே பக்கம் குவிந்திருக்க வேண்டும். நியூயார்க்கில் அதுதான் நடந்தது. கைதிகளில் பெரும்பான்மையோர் நியூயார்க் நகரத்திலிருந்து வந்தவர்கள். சிறைகளில் பெரும்பான்மை வடக்கேயும் மேற்கேயும் உள்ள நாட்டுப்புறத்தில். 2000 கணக்கெடுப்பின்படி வரைந்த செனட் தொகுதிகளில் ஏழு, கைதிகளைக் கழித்தால் தேவையான குறைந்தபட்ச மக்கள்தொகையை எட்டியிருக்காது.

உண்மையில் யாருக்கு இழப்பு?

‘நகரத்துக் கருப்பின மக்களின் எண்ணிக்கையை நாட்டுப்புற வெள்ளையர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்’ என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். மாநில அளவில் அதில் உண்மை இருக்கிறது. அரசியலமைப்பு உருவான 1787-இல் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணித் தென் மாநிலங்களுக்குக் கூடுதல் இடங்கள் கொடுத்த ஏற்பாட்டோடு பலர் இதை ஒப்பிடுகிறார்கள். உடலைக் கணக்கில் சேர்த்து வாக்கை விட்டுவிடும் முறை இரண்டிலும் ஒன்றுதான். மற்றபடி அந்த ஒப்பீட்டை நான் அதிகம் இழுக்க மாட்டேன்.

உள்ளாட்சியில் இழப்பவர் வேறு. சிறை அமைந்த கவுண்டியிலேயே, சிறை இல்லாத பக்கத்து வார்டில் வசிக்கும் விவசாயியும் கடைக்காரரும்தான் இழக்கிறார்கள். லேக் கவுண்டியில் எட்டுக்கு ஒன்று என்று தேய்ந்தது அதே மாநிலத்தின் பெருநகரமான மெம்பிஸ் நகரத்தாரின் வாக்கு அல்ல. அதே கவுண்டிக்காரரின் வாக்கு. சாலை எந்தப் பக்கம் போடப்படும், பள்ளி வரி எவ்வளவு என்று முடிவெடுக்கும் அவையில் அவருடைய குரல்தான் சுருங்குகிறது.

மேரிலாந்தின் சோமர்செட் கவுண்டி இதில் தனியாகச் சொல்லத்தக்கது. அங்கே மக்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் கருப்பினத்தவர். ஆனாலும் கவுண்டியை ஆளும் ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு அவர்களில் ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. 1980-களில், தேர்தலில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் வாக்குரிமைச் சட்டத்தின்கீழ் வழக்கு நடந்து, கருப்பின வாக்காளர்கள் தம் விருப்பத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கக் கூடிய ஒரு தொகுதி உருவாயிற்று. 1987-இல் அதே பகுதியில் ஒரு பெரிய மாநிலச் சிறை திறக்கப்பட்டது. அடுத்த கணக்கெடுப்பில் கைதிகள் அந்தத் தொகுதியின் எண்ணிக்கையில் ஏறினார்கள். கைதிகளில் பெரும்பாலோர் கருப்பினத்தவர் என்பதால் ஏட்டில் அது கருப்பினப் பெரும்பான்மைத் தொகுதியாகவே தொடர்ந்தது. வாக்குச்சாவடிக்கு வரக் கூடியவர்கள் மத்தியில் அந்தப் பெரும்பான்மை இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை. 2010 வரை அந்தக் குழுவில் ஒரு கருப்பினத்தவர்கூட அமரவில்லை. அந்த ஆண்டே மேரிலாந்து சட்டத்தை மாற்றியபோது சோமர்செட்டின் கதை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது.

எதிர்த்தரப்பு சொல்வது

எதிர்வாதங்கள் எல்லாம் வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. மிக வலுவானது இது: குழந்தைகளுக்கு வாக்கு இல்லை, குடியுரிமை பெறாதவர்களுக்கு வாக்கு இல்லை, ஆனாலும் அவர்களை எண்ணுகிறோம். மக்கள் பிரதிநிதி தமக்கு வாக்களித்தவர்களுக்கு மட்டும் பிரதிநிதி இல்லை. அப்படியிருக்கக் கைதியை மட்டும் ஏன் கழிக்க வேண்டும்?

வாக்குரிமை இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டினால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. சீர்திருத்தம் கேட்பவர்களில் சிலர் அந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். பதில் வேறு இடத்தில் இருக்கிறது. வார்டில் வளரும் குழந்தை அந்த வார்டின் சாலையில் நடக்கிறது, பூங்காவில் விளையாடுகிறது, நகராட்சியின் ஒவ்வொரு முடிவும் அதைத் தொடுகிறது. மாநிலச் சிறையில் இருப்பவரின் சாப்பாடு, மருத்துவம், வேலை எதையும் நகரமன்றம் முடிவு செய்வதில்லை. அது மாநிலத் துறையின் ஆளுகை. அனமோசாவின் கவுன்சிலரும், கைதிகளைத் தம் தொகுதி மக்களாக நினைக்கிறாரா என்று கேட்டபோது, பெரிதாக அப்படி நினைக்கவில்லை என்றே ஒப்புக்கொண்டார். கல்லூரி மாணவரோடும் படைத்தள வீரரோடும் ஒப்பிடுவதற்கும் இதே பதில் போதும். அவர்கள் விரும்பினால் அந்த ஊரிலேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம்.

இதற்கு அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது. மெய்ன், வெர்மான்ட் ஆகிய இரு மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் கைதிகளுக்கு வாக்குரிமை உண்டு. அவர்கள் எந்த ஊரில் வாக்களிக்கிறார்கள்? சிறை ஊரில் இல்லை. கைதாகும் முன் வாழ்ந்த ஊருக்குத் தபால் வாக்கு அனுப்புகிறார்கள். சிறையில் அடைபட்டதால் ஒருவர் வசிப்பிடத்தைப் பெறுவதுமில்லை, இழப்பதுமில்லை என்று நியூயார்க்கின் மாநில அரசியலமைப்பே சொல்கிறது. பல மாநிலங்களில் சட்ட நிலை இதுதான். வாக்காளர் பட்டியலுக்கு ஒரு ஊர், தலைக்கணக்குக்கு இன்னொரு ஊர்.

இரண்டாவது வாதம், சிறைக்குத் தண்ணீர், கழிவுநீர், தீயணைப்பு எல்லாம் அந்த ஊர்தானே தருகிறது என்பது. அது கட்டண விவகாரம். தொழிற்சாலைக்கும் ஊர் தண்ணீர் தருகிறது. இயந்திரங்களை யாரும் மக்கள்தொகையில் சேர்ப்பதில்லை. மூன்றாவது, கைதி பழைய முகவரிக்கே திரும்புவார் என்று என்ன நிச்சயம், ஆயுள் தண்டனை பெற்றவர் திரும்பவே மாட்டாரே என்பது. இதில் நியாயம் இருக்கிறது. சிலருடைய வீடு இப்போது இல்லாமலே போயிருக்கும். ஆனாலும் ‘இந்த முகவரி சந்தேகத்துக்குரியது’ என்பதிலிருந்து ‘அப்படியானால் சிறைதான் அவர் ஊர்’ என்பதற்கு எப்படித் தாவுவது?

நீதிமன்றங்கள் என்ன செய்தன

சுருக்கமாகச் சொன்னால், கட்டாயப்படுத்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

மேரிலாந்தின் 2010 சட்டம் எதிர்க்கப்பட்டபோது மூன்று நீதிபதிகள் அமர்வு 2011-இல் அதைச் செல்லும் என்றது. 2012-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. ஆக, கைதிகளைச் சொந்த ஊருக்கு மாற்றி எண்ண மாநிலத்துக்கு உரிமை உண்டு.

மாற்றி எண்ணாமல் விட்டால் அது அரசியலமைப்புக்கு முரணா? 2016-இல் இதற்கு இரு வேறு பதில்கள் வந்தன. அந்த ஆண்டு மார்ச்சில் புளோரிடாவின் ஜெஃபர்சன் கவுண்டி வழக்கில், சுமார் 1,100 கைதிகளை ஒரே தொகுதியில் சேர்த்து வரைந்த எல்லைகள் செல்லாது என்று மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரதிநிதி என்ற சொல்லுக்குப் பொருள் தரும் எந்தத் தொடர்பும் கவுண்டிக் குழுவுக்கும் அந்தக் கைதிகளுக்கும் இடையே இல்லை என்பது அதன் வாதம். ஏப்ரலில் ‘எவன்வெல் எதிர் ஆபட்’ வழக்கில் உச்ச நீதிமன்றம், வாக்காளர்களை மட்டும் எண்ண வேண்டியதில்லை, மொத்த மக்கள்தொகையை அடிப்படையாகக் கொள்ளலாம் என்றது. அந்த வழக்கு டெக்சஸ் செனட் தொகுதிகள் பற்றியது. சிறை பற்றியதே இல்லை. ஆனால் அதன் நிழல் சிறை வழக்குகளின் மேல் விழுந்தது. கிரான்ஸ்டனுக்கு எதிராகக் கீழ் நீதிமன்றம் மே மாதம் வழங்கிய தீர்ப்பை, செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எவன்வெல்லைக் காட்டி மாற்றிவிட்டது. நகரம் கணக்கெடுப்பு எண்ணை அப்படியே பயன்படுத்தலாம், விருப்பம் இருந்தால் கழித்தும் கொள்ளலாம் என்று பந்து அரசியல்வாதிகளிடமே திரும்பி வந்தது.

திருத்தும் வழி இரண்டு

முதல் வழி, இடம் மாற்றி எண்ணுவது. மாநிலச் சிறைத்துறை ஒவ்வொரு கைதியின் கடைசி முகவரியையும் மறுவரையறைக் குழுவுக்குத் தருகிறது. குழு அதை வரைபடத்தில் பொருத்தி, சிறை இருக்கும் பிளாக்கிலிருந்து ஒரு தலையைக் கழித்து, வீடு இருக்கும் பிளாக்கில் ஒரு தலையைக் கூட்டுகிறது. வேலை எளிதாகத் தெரியும். முகவரிகளைப் பார்த்தால்தான் பாடு புரியும். தெருப் பெயர் தவறாக இருக்கும், அஞ்சல் பெட்டி எண் மட்டும் இருக்கும், வேறு மாநிலத்து முகவரி இருக்கும், வீடற்றவராக இருந்திருப்பார். மத்திய அரசின் சிறைகளில் இருப்பவர்களின் முகவரி மாநிலங்களுக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. நியூயார்க் 2010 கணக்கெடுப்புக்குப் பிறகு இந்த வேலையை முதன்முறை செய்தபோது சுமார் 46 ஆயிரம் கைதிகளைச் சொந்த முகவரிக்கு மாற்ற முடிந்தது. மேரிலாந்தும் அதே சுற்றில் செய்தது. 2020 சுற்றில் கலிபோர்னியா, டெலவேர், வாஷிங்டன் மாநிலம், நெவாடா, நியூ ஜெர்சி, வர்ஜீனியா, கொலராடோ, கனெக்டிகட் எனப் பட்டியல் நீண்டது.

இரண்டாவது வழி, வெறுமனே கழித்துவிடுவது. உள்ளாட்சிகளுக்கு இதுவே போதும். கைதிகளில் மிகப் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்களே இல்லை என்பதால் திரும்பக் கூட்ட வேண்டிய இடம் உள்ளூரில் இருக்காது. கிரான்ஸ்டனின் 3,433 கைதிகளில் கைதாகும் முன் அந்த நகரத்தில் வாழ்ந்தவர்கள் 155 பேர்தான். கழிப்பதற்கான தகவலும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. 2010-இல் கணக்கெடுப்புத் துறை சிறைகள் எந்த பிளாக்கில் உள்ளன, எத்தனை பேர் என்ற அட்டவணையை வழக்கத்தைவிட முன்கூட்டி வெளியிட்டது. 2020-இல் மறுவரையறைத் தரவோடு சேர்த்தே அது வந்துவிட்டது. ஊர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர் ஒரு பிற்பகலில் முடித்துவிடக் கூடிய வேலை. மிச்சிகனில் 1960-களிலிருந்தே கவுண்டிகளுக்கு இப்படியொரு விதி இருக்கிறது. மிசிசிப்பியின் தலைமை வழக்கறிஞர் 2002-இலேயே, சிறையில் இருப்பவர் அந்தக் கவுண்டியின் குடியிருப்பவர் ஆகமாட்டார் என்று கருத்துரைத்தார். சட்டம் ஏதும் கட்டாயப்படுத்தாமலே இருநூறுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் தாமாகக் கழித்துக்கொண்டிருக்கின்றன.

பணம் பற்றிய குழப்பம் ஒன்றையும் இங்கே தீர்த்துவிடலாம். எல்லை வரைவதற்காக எண்ணை மாற்றினால் ஊருக்கு வரும் மானியம் குறைந்துவிடும் என்று சிறை ஊர்களில் அச்சம் பரவுவதுண்டு. மத்திய, மாநில நிதிப் பகிர்வு தனியான சூத்திரங்களில் நடக்கிறது. மறுவரையறைக்காகத் திருத்திய எண் அந்தச் சூத்திரங்களுக்குள் போவதே இல்லை.

எஸ்ஸெக்ஸும் அனமோசாவும்

நியூயார்க்கின் வடகோடியில் எஸ்ஸெக்ஸ் கவுண்டி இருக்கிறது. அதன் எல்லைக்குள் சிறைகள் உண்டு. அங்கே ஆளும் குழுவில் ஒவ்வொரு ஊரின் பிரதிநிதிக்கும் அந்த ஊரின் மக்கள்தொகைக்கு ஏற்ற வாக்கு எடை தரப்பட்டது. 2003-இல் அந்தக் கவுண்டி, அந்த எடையைக் கணக்கிடும்போது கைதிகளைச் சேர்ப்பதில்லை என்று உள்ளூர்ச் சட்டமே போட்டது. கைதிகள் தனி உலகத்தில் இருக்கிறார்கள், கவுண்டியின் வாழ்க்கையில் பங்கெடுப்பதில்லை, அவர்களைச் சேர்த்தால் சிறை உள்ள ஊருக்கு நியாயமற்ற எடை கிடைக்கும் என்று காரணமும் எழுதியது. அடுத்த ஊர் தம்மைவிடக் கனமாகிவிடக் கூடாது என்ற கவலை தெளிவானது. இன வாதமோ கட்சி வாதமோ அதில் இல்லை.

மாநில அளவில் இதே காரியத்தை 2010-இல் சட்டமாக்கியபோது, அதை நீக்கக் கோரி 2011-இல் செனட் உறுப்பினர்கள் சிலர் நீதிமன்றம் போனார்கள். வழக்கில் முதல் மனுதாரராக நின்றவரின் தொகுதிக்குள் எஸ்ஸெக்ஸ் கவுண்டியும் அடக்கம். கவுண்டிக் குழுவுக்குள் கைதி வேண்டாம். மாநிலத் தலைநகரில் இடம் கேட்கும்போது கைதி வேண்டும். நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது.

அனமோசாவில் தீர்வு வேறு விதமாக வந்தது. இரண்டு வாக்குக் கவுன்சிலரின் கதை ஊரைத் தாண்டிப் பரவியபின், ஊர் மக்கள் வார்டு முறையையே கைவிடுவதற்கு வாக்களித்தார்கள். கவுன்சிலர்களை ஊர் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. வார்டு இல்லாவிட்டால் சமமற்ற வார்டும் இல்லை. ஆனால் ஊரின் ஒரு மூலைக்கென்று தனியாக ஒருவர் மன்றத்தில் இருந்ததும் அதோடு போயிற்று. சிறை அதே இடத்தில்தான் இருக்கிறது.